வியாழக்கிழமை வாசகர்கள்

ஒரு நாற்றத்தை இன்னொரு நாற்றத்துக்குள் ஒளித்துவைப்பது சுலபம். கோழிக்கடைக்காரர் பெண்சாதி பல மாதங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கடையின் பின்புறம் அவளுடைய ராஜ்ஜியம். தகர டிரம்மில் தண்ணீர் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். அறுபட்ட கோழியைக் காலைப் பிடித்து முக்கியெடுத்து, ஆவி பறக்கப் பறக்க இறகைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை உருவி ஒரு வாளியில், ஈரலை ஒரு தட்டில், மிச்சத்தைத் தொட்டியில். ஈர இறகு வேகிற வாசனை இருக்கிறதே, புது ஆளாக இருந்தால் காலையில் குடித்த டீ தொண்டைக்கு வந்துவிடும். கழிவு வாளியின் மேல் ஈக்கள் கறுப்பு மூடி போட்டமாதிரி உட்கார்ந்திருக்கும். அங்கே நிற்கிறவளின் உடம்பிலிருந்து தனியாக ஒரு நாற்றம் வருகிறது என்று எவன் கண்டுபிடிப்பான்?

கட்டிக்கொண்டவனே கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டான்.

கண்டுபிடித்தது நாத்தனார். கல்லாவில் உட்கார்ந்து கடையை ஆள்கிறவள், தம்பிக்கு மூத்தவள், புருஷன் போனபிறகு இந்த வீட்டோடு வந்துவிட்டவள். வாய் நீளம். மூக்கு அதைவிட நீளம். ஒரு மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் பின்பக்கம் வந்து, டிரம்மைத் தாண்டி, வாளியைத் தாண்டி, தம்பி பெண்சாதிக்கு நேரே வந்து நின்றாள்.

"பொறந்ததுலேர்ந்து கோழி நாத்தத்துலதான் இருக்கேன். இது கோழி இல்ல. சட்டையத் தூக்கு."

"ஒண்ணுமில்ல அண்ணி. வேர்வை."

"வேர்வைய நான் பாத்ததில்லையா? தூக்குடி."

அவள் தூக்கினாள். புருஷனுடைய பழைய சட்டை. அதற்குக் கீழே மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி. துணியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வட்டம். துணியை அவிழ்த்தபோது அது சதையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இடது மார்பின் பக்கவாட்டில் தோல் வெடித்து, ஓரம் தடித்து, உள்ளே அழுகிய பழத்தைப் போல ஒரு குழி.

நாத்தனார் கத்தவில்லை. மேலேயிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். திரும்பிக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். தொடவே இல்லை, ஆனாலும் கழுவினாள். அதை மற்றவள் பார்த்தாள். நாத்தனாருக்கும் அது தெரிந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா சாயங்காலம் ஊருக்கே தெரிஞ்சிடும், அண்ணி."

"புருஷன்கிட்ட சொல்றதுக்கும் ஊருக்கும் என்னடி சம்பந்தம்?"

"தையல்காரி மட்டும் ஊர்கிட்டயா சொன்னா? டாக்டர்கிட்டதான் சொன்னா."

தையல்காரி கதையை நாத்தனாரும் இதே வீட்டில்தான் கேட்டாள். கேட்டுச் சிரித்தாள்.

*

அந்தக் கதை புரிய வேண்டுமானால் நூலகத்துக்குப் போக வேண்டும்.

ஊர், கல் உடைக்கிற ஊர். நாலு பக்கமும் பாறை. செல்போன் கோபுரம் ஒன்றை நட்டார்கள், நட்டதோடு சரி. கையில் இருக்கிற போனில் மணி பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், வெளிச்சம் அடித்துக் கழிவறைக்குப் போகலாம். மற்றபடி அது கல்லு. ஆகவே சந்தையின் கோடியில் இருந்த நூலகத்தின் கூரைமேல் அரசாங்கத்து ஆட்கள் இன்டர்நெட்டுக்கு ஒரு வெள்ளைத் தட்டை மாட்டி, உள்ளே இரண்டு கம்ப்யூட்டரை வைத்து, "இனி உலகமே உங்கள் ஊருக்குள்" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனபோது ஊர் உண்மையாகவே மகிழ்ந்தது. அதுவரை கரப்பான் தின்ற நாவல்களும், அவற்றைத் தின்று முடிக்காத கரப்பான்களும்தான் அங்கே இருந்தன.

நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற புருஷன் முகத்தைப் பெண்டாட்டிகள் பார்த்தார்கள். எல்லாவற்றையும்விட, வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை காலையில், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா திரையில் வந்து நோயாளிகளைப் பார்த்தார். அவர் பார்த்து, "வா" என்றால் ஆஸ்பத்திரியில் படுக்கை தயாராக இருக்கும். இல்லாவிட்டால் பஸ் ஏறி மலை இறங்கி, அங்கே வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்து சீட்டு வாங்க வேண்டும்.

அப்புறம்தான் அந்தக் கூட்டம் நடந்தது. எவனோ ஒரு பயல் ஓரத்துக் கம்ப்யூட்டரில் ஆபாசம் பார்த்துவிட்டான். வாசகர் குழு கூடியது. தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார்; அந்த நூலகத்துப் பேப்பர்கள் எல்லாவற்றிலும் கீழ்மூலை பழுப்பாக, விறைப்பாக இருக்கும். அவர் எழுந்து, பூட்டும் வேண்டாம், காவலும் வேண்டாம், திரையைக் கூடத்தைப் பார்த்துத் திருப்பிவைத்தால் போதும் என்றார். எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் எவனும் அசிங்கம் பண்ண மாட்டான். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன கூச்சம்?

கை தூக்கச் சொன்னார். முதலில் தூக்கியது கோழிக்கடைக்காரர்.

திரை திரும்பியது. நாற்காலியில் உட்காருகிறவர் கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவர் பார்க்கிறதையெல்லாம் பின்னாலிருந்து கூடமும் பார்க்கும். காதில் மாட்டுகிற கருவி இரண்டே வாரத்தில் திருட்டுப்போயிற்று. பதிலுக்கு ஒரு ஸ்பீக்கர் வந்தது. ஆக, ஆபாசம் ஒழிந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் வாசிப்புப் பழக்கம் பெருகியதே, அதைச் சொல்ல வேண்டும். கதவு திறக்குமுன்பே ஆண்பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். நாற்காலி போதாமல் பெஞ்சு போட்டார்கள். ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே பிடிக்க ஆளுக்கு ஒரு தாள் வேண்டுமே. கொத்தனாரின் மூலநோய், மளிகைக்காரர் மருமகளின் மாதவிலக்கு, எல்லாம் ஸ்பீக்கரில் வரும். பேப்பர்கள் அசையாது. பக்கமும் புரளாது. மாவட்டத்திலேயே அதிக வாசகர் வருகிற நூலகம் என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதைத் திரைக்கு மேலேயே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

கோழிக்கடைக்காரர் வியாழக்கிழமை கத்தியைப் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டுப் போவார். ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தால் கதை ஆரம்பிக்கும். நல்ல கதைசொல்லி. டாக்டரம்மா குரலில் கேட்பார், நோயாளி குரலில் பதில் சொல்வார், வாயில் சோறு இருக்க இருக்க. தையல்காரி பிள்ளை இல்லையென்று போனவள். வெள்ளைப்படுகிறது என்றாள். டாக்டரம்மா கேட்கக்கூடியதைக் கேட்டார். அவளும் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னாள், தனக்குப் பின்னால் இருப்பவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில். கோழிக்கடைக்காரர் அவள் தலையைக் குனிந்ததை, துணி நுனியைத் திருகியதை, "வாரத்துக்கு ஒருக்க" என்று முனகியதை, அச்சாக நடித்துக் காட்டினார். அக்காவுக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் ஒருவன் தையல்கடையில் போய் நின்று, வாரத்துக்கு ஒருக்க தைத்துத் தருவாயா என்று கேட்டானாம். மாதம் முடிவதற்குள் தையல்காரி மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள்.

அந்தக் கதையை அவர் நடித்துக் காட்டிய அன்று ராத்திரி, கையில் கரண்டியோடு நின்றிருந்த பெண்சாதி புருஷனிடம் ஒன்று சொல்வதாக இருந்தாள். குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. கோழி ஈரல் அளவுதான். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் சாப்பிட்டு முடித்தார். அவள் சொல்லவில்லை.

*

நாத்தனார் மறுநாளே நூலகத்துக்குப் போய்விட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றி மூலையில் வீசியதிலேயே பதில் தெரிந்தது.

நூலகர் பாவம், பயந்த மனுஷன். இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர். ஒரு பத்து நிமிஷம் திரையைத் திருப்பிவையப்பா என்று இவள் கேட்டிருக்கிறாள். குழுவின் தீர்மானம் என்றாராம். ஒருவருக்குத் திருப்பினால் எல்லோரும் திருப்பச் சொல்வார்கள் என்றாராம். சொல்லட்டுமே என்றிருக்கிறாள். அதற்கு அவர் கேடயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக ஒன்று சொன்னாராம்.

"வாசகர்கள் குறைஞ்சிடுவாங்கக்கா."

"அவன் மூஞ்சியில காறித் துப்பிட்டு வந்திருப்பேன்," என்றாள் நாத்தனார். "உன் வேலை இருக்கேன்னு முழுங்கிட்டேன். வியாழக்கிழமை உன்னைத்தான் மொதல்ல கூப்பிடச் சொல்லியிருக்கேன். மூட்டுவலின்னு சொல்லியிருக்கேன்."

"மூட்டைக் காட்டிட்டு வந்திடறதா?"

"எதையாவது காட்டு. காட்டலைன்னா செத்துப்போவ. அவ்வளவுதான் விஷயம்."

ராத்திரி புருஷனிடம் மூட்டுவலி என்றுதான் சொன்னாள். மூட்டுவலியில் அவருக்குச் சுவாரஸ்யம் இல்லை. நின்று நின்று வருவதுதான், உடம்பைக் குறை என்றார். நல்ல கால் துண்டாகப் பார்த்துப் போடச் சொன்னார்.

*

வியாழக்கிழமை அவள் டிரம்முக்கு அடுப்பு மூட்டவில்லை. குளித்தாள். தலை முடித்தாள். புதுத் துணியாகக் கட்டி, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டாள். அதில்தான் ஒரு சங்கடம் வந்தது. கோழி வாசனை போனதும் மற்றது தனியாக நின்றது. தெருவில் நடக்கும்போது அவளுக்கே அது தெரிந்தது. நாத்தனார் காற்று வருகிற பக்கமாக வந்து நடந்தாள்.

கூடம் நிறைந்திருந்தது. வேர்வையும் பீடியும் பழைய காகிதமும் கலந்த புழுக்கம். ஜன்னல் விளிம்பில் எவனெவனோ துப்பிக் காய்ந்த கறை. முன்வரிசையில் வாத்தியார், விரலை நாக்கில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கோழிக்கடைக்காரர், விளையாட்டுப் பக்கத்தோடு. பெண்சாதியைப் பார்த்து, பஸ்ஸில் தெரிந்த முகத்தைப் பார்த்தவர்போலத் தலையை ஆட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை முழுவதும் டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, தூக்கம் கெட்ட கண்.

"சொல்லுங்கம்மா. மூட்டுவலியா?"

"ஆமா."

"எந்த மூட்டு?"

திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் முகம். அவளுக்குப் பின்னால் கூடம் முழுவதும். முதுகுக்குப் பின்னால் நடப்பது எதையும் அங்கே உட்காருகிறவர்கள் பார்ப்பதில்லை, டாக்டரைத்தான் பார்ப்பார்கள். இவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பேப்பர்கள் ஒவ்வொன்றாக மூக்குவரைக்கும் இறங்கின. கண்கள் வந்தன. புருஷன் பக்கத்துக்காரர் காதில் குனிந்து என்னவோ சொல்ல, அந்த ஆள் தோள் குலுங்கியது. ராத்திரி வரைக்கும்கூட அவரால் பொறுக்க முடியவில்லை.

கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"மூட்டு இல்லைங்கம்மா," என்றாள். "மார்ல புண்ணு. காட்டணும். ஆனா பின்னாடி ஆளுங்க இருக்காங்க."

டாக்டரம்மா திரைக்குக் கிட்டே வந்தார். "அவங்கல்லாம் அடுத்து காட்ட வந்திருக்கிற நோயாளிங்கதானே? ஒவ்வொரு வாரமும் பாக்கறேனே."

"இல்லைங்கம்மா. வாசகர்கள்."

டாக்டரம்மா, எல்லோரும் தயவுசெய்து வெளியே போங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. வாத்தியார் எழுந்தார். திரையைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில், இது பொது இடம், படிக்க வந்தவர்களை எழுப்ப விதியில் இடமில்லை என்றும், குழு ஏகமனதாகத் தீர்மானித்தது என்றும், வேண்டுமானால் இந்த அம்மாவின் கணவரே கை தூக்கியவர், கேட்டுக்கொள்ளலாம் என்றும் விளக்கினார்.

எல்லோரும் கோழிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"என்ன இது புதுசா? மூட்டுவலின்னுதானே சொன்ன?" என்றார். "சரி, வாயால சொல்லிட்டு வா. காட்டறதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டத்துக்குள் இருந்த அந்தச் சின்ன மனிதரைப் பார்த்தாள்.

சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். துணியின் முடிச்சைத் தேடி அவிழ்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது தன் வேலையைச் செய்தது.

நாற்றம் முன்வரிசைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாக்கியத்துக்குத் திறந்த வாய் மூடவில்லை. கையிலிருந்த பேப்பரை மூக்கில் அழுத்தினார், தன் எச்சில் காய்ந்த மூலையோடு சேர்த்து. பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. டாக்டரம்மா கிட்டத்தில் பார்க்க அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பெரிதாக்கினார்; திரை முழுவதும் அந்தக் குழி தெரிந்தது. எல்லோரும் பார்க்கும்படி திருப்பிவைத்த திரையல்லவா? பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஓடினார்கள். வாசல்படியில் வாத்தியார் உட்கார்ந்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு வெளியேறுகிறவர்களை நாத்தனார் நின்று பார்த்தாள். கடைசியில் நூலகர் கைக்குட்டையோடு நின்றார்.

"நீயும் போப்பா," என்றாள். "இன்னிக்கு வாசகர் ஒருத்தரும் வரலைன்னு எழுதிக்க."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளே ஒரு ஆண்பிள்ளை மிச்சம் இருந்தார். கோழிக்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. பாசத்தால் என்று சொல்லிவிட முடியாது. விளையாட்டுப் பக்கம் மடியில் கிடந்தது. அந்த நாற்றம் அவருக்குப் புதிதில்லை. எத்தனையோ ராத்திரிகள் அதன் பக்கத்தில்தான் படுத்திருந்தார்.

"கடை நாத்தம்னு நெனச்சேன்," என்றார், யாரிடமோ.

டாக்டரம்மா வெளிச்சத்துக்குத் திரும்பச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், அக்குளில் அழுத்திப் பார்த்து வலி சொல்லச் சொன்னார். கட்டி முதலில் எப்போது தட்டுப்பட்டது என்று கேட்டார்.

"தையல்காரி இங்க வந்துட்டுப் போன வாரம்."

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை. கூடத்தில் இருந்த மற்ற இருவருக்கும் விளங்கியது. நாத்தனார் சுவரைப் பார்த்தாள்.

"அப்பவே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும். ஏம்மா வரல?"

அவள் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டத்துக்குள் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார், தையல்காரி குனிந்த மாதிரியே.

"கைமீறிப் போச்சாம்மா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"மீறலைன்னு பொய் சொல்ல மாட்டேன். மீறிடுச்சுன்னும் இப்ப சொல்ல மாட்டேன். அடுத்த வியாழக்கிழமைன்னு இருக்காதீங்க. இன்னிக்கே பஸ் ஏறுங்க. படுக்கை போட்டு வெக்கறேன்."

*

வெளியே குழாயடியில் வாசகர்கள் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாருக்கு ஒருவர் டீ வாங்கி வந்திருந்தார். அவர் தெளிந்து, நூலகரிடம் புது விதி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: சீழ்ப்புண், துர்நாற்றம் உள்ளவர்களைப் பொதுமக்கள் நலன் கருதி உள்ளே விடக்கூடாது, அடுத்த கூட்டத்தில் வைத்துவிடலாம். நூலகர் தலையாட்டினார். திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாத்தனார் வாத்தியார் காலடியில் துப்பிவிட்டு, கடையைப் பார்க்கப் போனாள். இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் புருஷன், மடியில் துணிப்பை. முன்சீட்டுப் பெண்பிள்ளை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனாள். இவள் கண்ணாடியை முழுவதும் தள்ளித் திறந்தாள். கல்தூள் படிந்த பாறைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அவருக்குப் பேசாமல் வரத் தெரியாது. கையைப் பிசைந்தார். தண்ணீர் வேண்டுமா என்றார். ஜன்னல் காற்று ஆகுமா என்றார். மலை இறங்கும் வளைவில் திடீரென்று ஒரு சின்னச் சிரிப்பு அவரிடமிருந்து கிளம்பியது.

"வாத்தியாரைப் பாத்தியா? விதியில இடமில்லைன்னு ஆரம்பிச்ச ஆளு..." வாயைப் பிளந்து, பேப்பரை மூக்கில் பொத்துகிற மாதிரி கையைக் கொண்டுபோனார். அச்சாக வாத்தியார்தான். "வாசப்படியில உக்காந்து..."

அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கழிவு வாளிக்குள் எட்டிப் பார்க்கிறதைப்போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நன்றாகப் பார்த்தாள்.

"கதை சொல்றதுக்கு நாம இன்னும் சாப்பிட உக்காரலைங்க," என்றாள்.

மூக்குக்குப் போன அவர் கை அங்கேயே நின்றது. நகரம் வருகிறவரைக்கும் அவர் அதை இறக்கவில்லை.